மார்பகம் நீக்கியபின் மறுசீரமைப்பு: மறுபக்க அறுவையைக் காப்பீடு மறுக்கிறது, என்ன செய்யலாம்?

நீலக்குயில் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில், நான் பணிபுரியும் நிறுவனத்தின் வழியாக மருத்துவக் காப்பீடு பெற்றிருக்கிறேன். முந்தைய நிறுவனத்தில் இருந்தபோது வலது மார்பகத்தில் புற்றுநோய் கண்டறியப்பட்டு, மார்பகம் முழுவதும் நீக்கப்பட்டது. அதே அறுவையின்போது தோலை விரிவாக்கும் எக்ஸ்பாண்டரையும் வைத்தார்கள். கதிர்வீச்சுச் சிகிச்சைக்குப் பிறகு அந்த இடத்தில் தொற்று ஏற்பட்டு, அதை எடுத்துவிட வேண்டியதாயிற்று. பின்னர் வேலை மாறினேன், காப்பீடும் மாறியது.

கதிர்வீச்சு பட்ட தோலுக்குள் மீண்டும் செயற்கைப் பொருளை வைப்பதைவிட, அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் அவற்றின் இரத்தக் குழாய்களோடு எடுத்து மார்பில் பொருத்தும் டி.ஐ.இ.பி. ஃபிளாப் முறையே எனக்கு ஏற்றது என்று இப்போதைய பிளாஸ்டிக் சர்ஜன் சொல்கிறார். புதிதாக உருவாகும் வலப்பக்கத்தோடு ஒத்துவரும்படி இடது மார்பகத்தைக் குறைத்து, சற்று உயர்த்தவும் வேண்டும் என்கிறார். இரண்டிற்கும் சேர்த்து அவருடைய அலுவலகம் முன் அனுமதி கேட்டது.

வந்த கடிதத்தில், வலப்பக்க அறுவைக்கு அனுமதி உண்டு, ஆனால் நெட்வொர்க்கில் உள்ள, அதாவது காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்ட மருத்துவரிடம்தான் செய்துகொள்ள வேண்டும் என்றும், இடது மார்பகத்தில் நோய் இல்லை என்பதால் அதில் செய்வது அழகுக்கான அறுவை, எனவே திட்டத்தின் விலக்குப் பிரிவில் வருகிறது என்றும் எழுதியிருக்கிறார்கள். தொலைபேசியில் பேசிய பெண், "மார்பகத்தை நீக்கியது எங்கள் காப்பீட்டில் இல்லையே, அதையும் பார்க்க வேண்டியிருக்கும்" என்று வேறு சொன்னார். அவர் தந்த நெட்வொர்க் மருத்துவர்களின் அலுவலகங்களை அழைத்துப் பேசினேன். பேசிய எல்லா இடத்திலும் இந்த அறுவையைத் தாங்கள் செய்வதில்லை என்றே பதில் வந்தது. என் சர்ஜன் நெட்வொர்க்கில் இல்லை.

பழைய காப்பீட்டில் நடந்த நீக்கத்தைக் காரணம் காட்டிப் புதிய காப்பீடு விலகிக்கொள்ள முடியுமா? இடப்பக்கத்தை மறுத்தது சரிதானா? நெட்வொர்க்கில் ஆளே இல்லாதபோது வழி என்ன? இதைக் கடந்து வந்தவர்களோ, இந்தத் துறையில் இருப்பவர்களோ விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


வரிசையெண் எழுதியது:

வணக்கம் சகோதரி. மருத்துவமனையொன்றின் முன் அனுமதிப் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். உங்கள் மூன்று கேள்விகளில் முதல் இரண்டிற்கும் சட்டம் உங்கள் பக்கம் தெளிவாகவே இருக்கிறது. மூன்றாவது வேறு வகையைச் சேர்ந்தது. அதை இவற்றோடு சேர்த்து ஒரே கடிதத்தில் வாதாடினால் வலுவான வாதமும் நீர்த்துப்போகும்.

பெண்களின் உடல்நலம் மற்றும் புற்றுநோய் உரிமைகள் சட்டம் என்று ஒரு கூட்டாட்சிச் சட்டம் இருக்கிறது. 1998 அக்டோபர் 21 அன்று கையெழுத்தாகிச் சட்டமானது. எல்லாக் காப்பீடும் மார்பக நீக்கத்திற்குப் பணம் தந்தே ஆக வேண்டும் என்று அது சொல்லவில்லை. ஆனால் ஒரு திட்டம் மார்பக நீக்கத்திற்குப் பணம் தருகிறது என்றால், அதனோடு சேர்ந்த வேறு சிலவற்றிற்கும் தந்தாக வேண்டும் என்கிறது: நீக்கப்பட்ட மார்பகத்தை மறுசீரமைப்பதன் எல்லாக் கட்டங்களும், இரு பக்கமும் ஒத்த தோற்றம் பெறுவதற்காக மற்ற மார்பகத்தில் செய்யப்படும் அறுவையும், செயற்கை மார்பகங்களும், கை வீக்கமான லிம்ஃபெடிமா உட்பட நீக்கத்தால் வரும் உடல் சிக்கல்களுக்கான சிகிச்சையும். எந்த முறையில் செய்வது என்பதைச் சிகிச்சை தரும் மருத்துவரும் நோயாளியும் கலந்து பேசி முடிவு செய்ய வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது.

ஆகவே, இடது மார்பகத்தில் நோய் இல்லை என்பது மறுப்பதற்கான காரணமே ஆகாது. நோய் இல்லாத அந்தப் பக்கத்தை மனத்தில் வைத்துத்தான் அந்த வாசகமே எழுதப்பட்டிருக்கிறது. அழகு அறுவைக்கான விலக்குப் பிரிவைக் காட்டி அதைத் தட்டிக்கழிக்க முடியாது.

முந்தைய காப்பீட்டில் நீக்கம் நடந்ததைப் பற்றி அந்தப் பெண் சொன்னதையும் பொருட்படுத்த வேண்டாம். புதிய திட்டம் மார்பக நீக்கத்திற்குப் பணம் தரும் திட்டமாக இருந்தால், உங்களுக்கு நீக்கம் எப்போது நடந்தது, யார் பணம் கொடுத்தார்கள் என்பது கேள்வியே அல்ல. இத்தனை ஆண்டுகளுக்குள் மறுசீரமைப்பு செய்துகொள்ள வேண்டும் என்ற காலவரையும் அந்தச் சட்டத்தில் இல்லை.

பிறகு ஏன் மறுத்தார்கள்? எங்கள் மேசையில் அடிக்கடி பார்க்கும் ஒன்றைச் சொல்கிறேன். ஒவ்வொரு சிகிச்சைக்கும் பில்லில் எழுதும் குறியீட்டு எண்ணை சி.பி.டி. எண் என்பார்கள். மார்பகக் குறைப்பு அறுவைக்கு அது 19318. முதுகுவலிக்காகக் குறைத்துக்கொள்பவருக்கும் அதே எண்தான், உங்களுக்கும் அதே எண்தான். வேறுபடுத்திக் காட்டுவது அதனோடு போகும் நோயறி எண். அந்த இடத்தில் மார்பகம் பெரிதாக இருப்பதைக் குறிக்கும் என்62 போயிருந்தால், எத்தனை கிராம் திசு எடுப்பீர்கள், எத்தனை மாதம் முதுகுவலி என்ற வழக்கமான அளவுகோலால் அளந்து மறுத்துவிடுவார்கள். மார்பக நீக்கத்திற்குப் பிந்தைய மறுசீரமைப்பு என்பதற்கான இசட்42.1, வலது மார்பகம் நீக்கப்பட்டிருப்பதற்கான இசட்90.11 ஆகியவை அதனோடு போயிருக்கின்றனவா என்று சர்ஜன் அலுவலகத்தில் கேளுங்கள். விண்ணப்பத்தின் நகலை வாங்கி உங்கள் கண்ணாலேயே பாருங்கள். "எல்லாம் சரியாகத்தான் அனுப்பினோம்" என்ற வாய்வார்த்தை போதாது. எண்தான் சிக்கல் என்றால், திருத்தி அனுப்பினாலே பல நேரங்களில் மேல்முறையீடு இல்லாமல் முடிந்துவிடும்.

எண் சரியாகவே போயிருக்கிறது என்றால், முதலில் உங்கள் சர்ஜன் காப்பீட்டு நிறுவனத்தின் மருத்துவரோடு நேரடியாகப் பேசட்டும். பியர் டு பியர் என்பார்கள். அதற்குக் கிடைக்கும் அவகாசம் பெரும்பாலும் சில நாள்களே. கடிதத்தில் தேதி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அதுவும் பலிக்காவிட்டால் எழுத்து மூலம் மேல்முறையீடு. மறுப்பு உங்களுக்குக் கிடைத்ததிலிருந்து 180 நாள்கள் உண்டு. இன்னும் நடக்காத சிகிச்சை என்பதால் 30 நாள்களுக்குள் அவர்கள் முடிவைச் சொல்ல வேண்டும். அங்கும் மறுத்தால், நிறுவனத்திற்கு வெளியே உள்ள சுயேச்சையான மறு ஆய்வுக்கு நான்கு மாதங்களுக்குள் விண்ணப்பிக்கலாம். வழக்கமான மறு ஆய்வு 45 நாள்களில் முடியும். அதன் முடிவு காப்பீட்டைக் கட்டுப்படுத்தும்.

மேல்முறையீட்டுக் கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. அவர்கள் மறுத்த வாக்கியத்தை அப்படியே எடுத்து எழுதி, அதற்குக் கீழே சட்டத்தின் வாசகத்தை எழுதி, வலப்பக்கத்தில் என்ன நடந்தது, இடப்பக்கத்தை மாற்றாமல் ஏன் ஒத்த தோற்றம் வராது என்பதைச் சர்ஜன் அளவுகளோடும் படங்களோடும் எழுதித் தந்தால் போதும். பட்ட துன்பத்தை எல்லாம் எழுதத் தோன்றும், எழுதலாம், தவறில்லை. ஆனால் முதல் பக்கத்தில் வேண்டாம்.


படிவக்காரர் எழுதியது:

நான் ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் ஊழியர் நலத் திட்டங்களைக் கவனிப்பவன். மேலே நண்பர் எழுதியதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் யாரிடம் முறையிடுவது என்பதை முடிவு செய்யும் ஒரு விவரத்தை நீங்கள் சொல்லவில்லை: உங்கள் நிறுவனம் காப்பீட்டை விலைக்கு வாங்கித் தருகிறதா, அல்லது தன் பணத்திலிருந்தே மருத்துவச் செலவுகளைக் கொடுத்துவிட்டு, காப்பீட்டு நிறுவனத்தை நிர்வாகத்திற்கு மட்டும் வைத்திருக்கிறதா?

அட்டையில் ஒரே நிறுவனத்தின் பெயர்தான் இருக்கும். அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. திட்டத்தின் சுருக்க விவரக் கையேட்டைக் கேட்டு வாங்குங்கள். அதில் "செல்ஃப் ஃபண்டட்" என்றோ, பயன்களுக்கான பணம் முதலாளியின் பொது நிதியிலிருந்து வருகிறது என்றோ ஒரு வரி இருந்தால் அது இரண்டாவது வகை. அந்த வகைத் திட்டங்களை மாநிலக் காப்பீட்டுச் சட்டங்கள் கட்டுப்படுத்தாது. எரிசா என்னும் கூட்டாட்சிச் சட்டம்தான் கட்டுப்படுத்தும். மாநிலக் காப்பீட்டுத் துறைக்கு நீங்கள் எழுதினால், எங்கள் வரம்பில் இல்லை என்று பதில் வரும். அதற்குள் வாரங்கள் போய்விடும். தொழிலாளர் துறையின் ஊழியர் நலப் பாதுகாப்புப் பிரிவைத்தான் நாட வேண்டும். அங்கு ஆலோசகர்கள் கட்டணமின்றி உதவுவார்கள். திட்ட நிர்வாகியோடு பேசவும் செய்வார்கள். விலைக்கு வாங்கிய காப்பீடு என்றால் மாநிலக் காப்பீட்டுத் துறையே முதல் இடம்.

1998-ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டு வகைக்கும் பொருந்தும். விதிவிலக்குகள் உண்டு: மாநில, உள்ளாட்சி அரசுகள் தம் ஊழியர்களுக்காகத் தம் பணத்திலேயே நடத்தும் திட்டங்கள் இதிலிருந்து விலகிக்கொள்ள வழி இருக்கிறது, தேவாலய அமைப்புகள் நடத்தும் சில திட்டங்களுக்கும் இது பொருந்தாமல் போகலாம். தனியார் நிறுவன ஊழியர் என்றால் இந்தக் கவலை வேண்டாம்.

கையேட்டை எழுத்து மூலம் கேளுங்கள். 30 நாள்களுக்குள் தராத திட்ட நிர்வாகிக்கு நீதிமன்றம் நாளொன்றுக்கு 110 டாலர் வரை அபராதம் விதிக்கலாம் என்று விதி இருக்கிறது. எங்களைப் போன்றவர்கள் அப்படிப்பட்ட கடிதத்தை மேசையில் தூங்கவிடுவதில்லை. கூடவே, உங்கள் கோரிக்கை தொடர்பான முழுக் கோப்பையும் மறுத்தவரிடம் கேளுங்கள். கட்டணமின்றித் தர வேண்டும். எந்த உள்விதியைப் பார்த்து மறுத்தார்கள், பரிசீலித்தவர் எந்தத் துறை மருத்துவர் என்பதெல்லாம் அதில் தெரியவரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தன் பணத்தில் நடத்தும் நிறுவனமாக இருந்தால், இறுதியில் பணம் கொடுப்பது உங்கள் முதலாளிதான். நிர்வாகத்திற்கு அமர்த்தப்பட்ட காப்பீட்டு நிறுவனம் சட்டத்திற்கு முரணாக மறுத்திருக்கிறது என்று மனிதவளப் பிரிவுக்கு உரிய முறையில் தெரிவித்தால், உள்ளிருந்தே திருத்தச் சொல்ல எங்களால் முடியும். நோயைப் பற்றி அலுவலகத்தில் பேசத் தயக்கமாக இருக்கும் என்பதை அறிவேன். பேசுவதும் பேசாதிருப்பதும் உங்கள் விருப்பம்.


மீனாட்சிபுரத்தாள் எழுதியது:

தங்கையே, இருபக்கமும் நீக்கி, டி.ஐ.இ.பி. ஃபிளாப் செய்துகொண்டவள் நான். நெட்வொர்க் சிக்கலில் நானும் மாட்டியதால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சட்டம் உங்கள் மறுசீரமைப்புக்குப் பணம் தரச் சொல்கிறதே தவிர, நீங்கள் விரும்பும் மருத்துவருக்குத் தரச் சொல்லவில்லை. காப்பீடு பணம் தரத் தொடங்குமுன் நீங்கள் கட்டும் டிடக்டிபிள், அதன் பிறகு செலவில் உங்கள் பங்கான கோ இன்ஷூரன்ஸ் ஆகியவையும் மற்ற அறுவைகளுக்கு எப்படியோ அப்படியே இதற்கும் உண்டு. ஆகவே, "சட்டப்படி என் சர்ஜனுக்கு நீங்கள் பணம் தர வேண்டும்" என்று எழுதினால், இல்லை என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது நெட்வொர்க் இடைவெளிக்கான விதிவிலக்கு, அதாவது கேப் எக்செப்ஷன். அனுமதித்த அறுவையைச் செய்யத் தகுதியுள்ளவர் உங்கள் நெட்வொர்க்கில், எட்டக்கூடிய தொலைவில் இல்லை. எனவே வெளியில் உள்ளவரை நெட்வொர்க்கில் உள்ளவராகவே கருதிச் செலவைக் கணக்கிடுங்கள் என்பதுதான் கோரிக்கை.

அதற்கு வேண்டிய சான்றில் பாதியை நீங்கள் ஏற்கெனவே திரட்டிவிட்டீர்கள். எந்த அலுவலகத்தை எந்தத் தேதியில் அழைத்தீர்கள், யார் பேசினார், என்ன சொன்னார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். காப்பீட்டு நிறுவனத்தோடு பேசும் ஒவ்வொரு முறையும் அழைப்பின் குறிப்பு எண்ணைக் கேட்டு அதன் பக்கத்தில் குறியுங்கள். நான் அப்படி எழுதிய தாளை அனுப்பிய பிறகுதான், "எங்கள் பட்டியலில் மருத்துவர்கள் இருக்கிறார்களே" என்ற பல்லவி நின்றது. பட்டியலில் இருப்பவர் பிளாஸ்டிக் சர்ஜனாக இருக்கலாம். அடிவயிற்றின் தசையை வெட்டாமல் மில்லிமீட்டர் கணக்கிலான இரத்தக் குழாய்களைப் பிரித்தெடுத்து, நுண்ணோக்கியின் கீழ் மார்பில் தைப்பது எல்லோரும் செய்யும் வேலையன்று.

விதிவிலக்கு கிடைத்த பிறகும் ஒன்றைக் கவனியுங்கள்: சர்ஜன் எந்த எண்ணில் பில் அனுப்புவார் என்பதை முன்கூட்டியே கேட்டு, அந்த எண்ணுக்கே அனுமதி இருக்க வேண்டும். இந்த அறுவைக்கென்று எஸ்2068 என்று தனி எண் இருக்கிறது. திசுவை முழுவதும் பிரித்தெடுத்து வேறிடத்தில் பொருத்தும் ஃப்ரீ ஃபிளாப் வகைகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக 19364 என்ற எண்ணும் இருக்கிறது. பொது எண்ணுக்குத் தரும் தொகை குறைவு என்பதால் பல சர்ஜன்கள் அதை ஏற்பதில்லை. தனி எண்ணை 2024 இறுதியோடு நிறுத்திவிடப்போவதாக, முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின் நிர்வாகம் அறிவித்திருந்தது. நோயாளிகளும் மருத்துவர்களும் கடுமையாக எதிர்த்ததால் 2023 ஆகஸ்டில் அந்த முடிவைக் கைவிட்டது. அந்தப் போராட்டத்தில் இணையாமல், இப்போது அதன் பலனை மட்டும் நாம் அனுபவிக்கிறோம் என்று எனக்குள் ஒரு கூச்சம் உண்டு. அனுமதி ஓர் எண்ணுக்கும் பில் வேறோர் எண்ணுக்கும் போனால், அறுவை முடிந்து வீட்டில் படுத்திருக்கும்போது தகராறு தொடங்கும்.

பணத்தைப் பற்றி இன்னொரு யோசனை. இது ஒரே அறுவையில் முடிவதில்லை. ஃபிளாப் நிலைபெற்ற பிறகு சில மாதங்கள் கழித்துத்தான் பெரும்பாலும் இடப்பக்கத்தைச் சரிசெய்வார்கள். அதன் பிறகு மார்புக் காம்பு உருவாக்குவது, நிறம் தீட்டுவது என்று போகும். உடல்நிலையும் மருத்துவரும் இடம் கொடுத்தால், திட்ட ஆண்டின் தொடக்கத்தில் முதல் அறுவையை வைத்துக்கொண்டு மற்றவற்றை அதே ஆண்டுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். ஓராண்டில் உங்கள் கையிலிருந்து கொடுக்க வேண்டிய செலவின் உச்ச வரம்பை முதல் அறுவையிலேயே எட்டிவிடுவீர்கள். பிறகு வருவதற்கு உங்கள் கையிலிருந்து போவது மிகக் குறைவு அல்லது ஒன்றுமில்லை. நெட்வொர்க்கிற்குள் நடக்கும் சிகிச்சைக்கு 2025-இல் தனிநபருக்கான அந்த வரம்பு அதிகபட்சம் 9,200 டாலராக இருந்தது. பல திட்டங்களில் இதைவிடக் குறைவு.

நிறம் தீட்டுவதை எனக்கு அழகுக்கான பச்சை குத்தல் என்று சொல்லி மறுத்தார்கள். மார்புக் காம்பையும் அதைச் சுற்றிய வட்டத்தையும் மறுசீரமைப்பதும், அதற்கு நிறம் தருவதும் சட்டம் சொல்லும் "எல்லாக் கட்டங்கள்" என்பதில் அடங்கும் என்று 2016 ஏப்ரலில் தொழிலாளர் துறை உள்ளிட்ட மூன்று துறைகள் கேள்வி பதில் வடிவில் வெளியிட்டிருக்கின்றன. அதன் நகலை இணைத்து அனுப்பினேன். வேறெதுவும் எழுதவில்லை. அனுமதி வந்துவிட்டது.


அந்திமந்தாரை எழுதியது:

இதே இழையில் கேட்கலாம் என்று நினைக்கிறேன். எனக்கு மார்பகத்தை முழுவதும் நீக்கவில்லை. கட்டியையும் சுற்றியுள்ள திசுவையும் மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். இப்போது அந்தப் பக்கம் நன்றாகச் சுருங்கி, ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கிறது. இந்தச் சட்டம் எனக்கும் பொருந்துமா?


வரிசையெண் எழுதியது:

உங்கள் நிலைமை சற்றுக் கடினம். சட்டத்தின் வாசகம் மார்பக நீக்கம் என்றுதான் சொல்கிறது. கட்டியை மட்டும் அகற்றும் லம்பெக்டமி அதில் பெயரிட்டுச் சொல்லப்படவில்லை. பல காப்பீட்டு நிறுவனங்கள் தங்கள் மருத்துவக் கொள்கையிலேயே லம்பெக்டமிக்குப் பின் ஏற்படும் குறைபாட்டைச் சரிசெய்வதையும் மறுசீரமைப்பாக ஏற்கின்றன. சில மாநிலச் சட்டங்களும் கூட்டாட்சிச் சட்டத்தைவிட விரிந்தவை. ஆகவே முதலில் உங்கள் காப்பீட்டு நிறுவனத்தின் மார்பக மறுசீரமைப்புக் கொள்கையைத் தேடி எடுத்துப் படியுங்கள். பொதுவாக அவர்கள் இணையதளத்திலேயே இருக்கும். உங்கள் அறுவைக் குறிப்பையும் ஒருமுறை பாருங்கள். பகுதி மார்பக நீக்கம் என்று அதில் எழுதப்பட்டு, 19301 என்ற எண்ணில் பில் போயிருந்தால், சட்டம் சொல்லும் நீக்கத்தில் இதுவும் அடங்கும் என்று வாதாட ஓரளவு இடம் இருக்கிறது. உறுதியாக வெல்லும் என்று சொல்ல மாட்டேன்.


நீலக்குயில் எழுதியது:

பதில் எழுதிய எல்லோருக்கும் மிக்க நன்றி. விண்ணப்பத்தின் நகலை வாங்கிப் பார்த்தேன். இடப்பக்கத்திற்கு என்62 மட்டும்தான் போயிருந்தது. திருத்தி மீண்டும் அனுப்பியிருக்கிறார்கள். கையேட்டையும் வாங்கினேன், நிறுவனமே பணம் தரும் வகைதான். இடைவெளி விதிவிலக்கிற்கும் தனியாக எழுதிவிட்டேன்.

இதற்கிடையில் சர்ஜன் அலுவலகம் ஒரு படிவத்தை அனுப்பி, நெட்வொர்க்கிற்கு வெளியே உள்ளவர் என்பதை அறிந்தே சிகிச்சைக்குச் சம்மதிக்கிறேன் என்று கையெழுத்துக் கேட்கிறது. மருத்துவமனை மட்டும் நெட்வொர்க்கில் இருக்கிறது. கையெழுத்திடலாமா?


வரிசையெண் எழுதியது:

விதிவிலக்கு முடிவு வரும் வரை வேண்டாம். 2022 ஜனவரி முதல் நடப்பில் உள்ள எதிர்பாராத பில்களுக்கு எதிரான சட்டப்படி, நெட்வொர்க்கில் உள்ள மருத்துவமனையில் வெளி மருத்துவர் சிகிச்சை தந்தால், காப்பீடு தந்ததும், நெட்வொர்க் கணக்கில் வரும் உங்கள் பங்கும் போக மீதியை உங்களிடம் கேட்க அவருக்கு உரிமை இல்லை. அந்தப் பாதுகாப்பை நீங்களே விட்டுக்கொடுக்கும் படிவம்தான் உங்களுக்கு வந்திருப்பது. அதில் உத்தேசத் தொகை எழுதப்பட்டிருக்க வேண்டும், பாருங்கள். முன்கூட்டியே நாள் குறித்த அறுவை என்றால் குறைந்தது 72 மணி நேரத்திற்கு முன்பே அதைத் தந்துவிட வேண்டும். எனவே இப்போதே கையெழுத்திட வேண்டிய அவசரம் உங்களுக்கு இல்லை. கையெழுத்திடாவிட்டால் அறுவை செய்ய மறுக்கும் உரிமை சர்ஜனுக்கு உண்டு என்பதால் பக்குவமாகப் பேசுங்கள்: விதிவிலக்கு கேட்டிருக்கிறேன், கிடைத்தால் எனக்கு மட்டுமான கட்டணத்தைப் பேசி, காப்பீட்டு நிறுவனத்தோடு ஒற்றை நோயாளி ஒப்பந்தம் போட்டுக்கொள்வீர்களா என்று பில்லிங் பிரிவில் கேளுங்கள். இந்த அறுவையை வழக்கமாகச் செய்பவர்களின் அலுவலகத்தில் அது புதிதாக இருக்காது.

மயக்க மருந்து தருபவர், நோயியல் பரிசோதகர், கதிரியக்க மருத்துவர் ஆகியோர் இப்படிப்பட்ட படிவத்தை உங்களிடம் கேட்கவே கூடாது. அறுவை நாளன்று காலையில் யாராவது நீட்டினால், கையெழுத்திடாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.